பழைய கால்பந்துப் படத்தை ஜிக்சா புதிராக்குவது எப்படி: நெகட்டிவிலிருந்து கடைசித் துண்டு வரை

கால்பந்துப் படம் எதைக் கையில் கொடுத்தாலும் கண் முதலில் பந்தைத் தேடும். பந்து கிடைத்ததும் அதை நோக்கிப் பாயும் கால்கள், பிறகு கோல்கீப்பரின் கை. அவ்வளவுதான், பக்கத்தைப் புரட்டிவிடுவோம். அதே படத்தை 700 துண்டாக வெட்டி மேசையில் கொட்டினால் பார்வையே மாறிவிடும். கேலரி மூலையில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருப்பவர், கோல்வலைக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்து கேமராவைத் தூக்கும் இன்னொரு புகைப்படக்காரர், தந்தையின் தோளில் ஏறியிருக்கும் சிறுவன் என்று எல்லோரையும் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கும். பந்து மட்டுமே தெரிந்த படத்தில் ஓர் ஊரே தெரிய ஆரம்பிக்கும்.

எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடமும் அதுதான்: படத்தின் ஓரத்தை இழக்காதீர்கள்.

தொடங்கும் முன் ஒரே ஒரு கட்டளை. அசல் பிரிண்ட்டையோ நெகட்டிவையோ ஒட்டவும் கூடாது, வெட்டவும் கூடாது. வெட்டுவது நகலை மட்டும்.

எந்தப் படம்?

வீட்டு ஆல்பத்தில் இருக்கும் பள்ளி அணியின் குழுப்படம், தாத்தா ஆடிய தொழிற்சாலை அணியின் படம் போன்றவைதான் மிகச் சிறந்த தொடக்கம். அப்படி எதுவும் இல்லையென்றால் பொது ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. நெதர்லாந்து தேசியக் காப்பகத்தில் உள்ள அனெஃபோ செய்தி நிறுவனத் தொகுப்பில் கால்பந்துப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பலவற்றை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டிருக்கிறார்கள். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கல்லிகா தளத்தில் ரோல் செய்திப்பட நிறுவனத்தின் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்ககாலக் கண்ணாடி நெகட்டிவ்கள் உள்ளன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பெய்ன் செய்திப்படத் தொகுப்பு இருக்கிறது.

உரிமை விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். பழைய பிரிண்ட் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் படமே நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம். நாம் வாங்குவது காகிதத்தை மட்டும். பதிப்புரிமை எடுத்தவரிடமோ அவருடைய நிறுவனத்திடமோ இருக்கும். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை புகைப்படத்துக்குக் குறைந்தது எடுத்ததிலிருந்து 25 ஆண்டு பாதுகாப்பு கேட்கிறது. ஆனால் பல நாடுகள் எடுத்தவர் இறந்து 70 ஆண்டு வரை தருகின்றன. அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்கு வெளியான நாளிலிருந்து 95 ஆண்டு கணக்கு. உங்கள் மேசையில் மட்டும் இருக்கப்போகும் ஒரே ஒரு புதிர் என்றாலும் காப்பகத்தின் விதியைப் படித்துவிடுங்கள். விற்பதாக இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிளப் சின்னங்களுக்கு வணிகக் குறியீட்டு உரிமை தனியாக உண்டு.

இனி எந்தப் படம் நல்ல புதிராகும் என்ற கேள்வி. நல்ல புகைப்படமும் நல்ல புதிரும் ஒன்றல்ல. தூரத்திலிருந்து இழுத்து எடுத்து, பின்னணியை முழுக்க மங்கலாக்கி, ஒரே வீரரை மட்டும் கூர்மையாகக் காட்டும் படம் சுவரில் அழகாக இருக்கும். மேசையிலோ சாம்பல் நிறத் துண்டுகளின் குவியல்தான் மிஞ்சும். 1910 முதல் 1950 வரையான படங்கள் இதில் நமக்கு வாய்ப்பானவை. அன்றைய பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பெரிய கண்ணாடி நெகட்டிவைப் போட்ட கனமான கேமராவோடு கோல்கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அந்த நெகட்டிவ் பெரியது. நல்ல வெளிச்சம் இருந்த நாளில் பின்னால் இருக்கும் கூட்டத்திலும் முகங்கள் பிரிந்து தெரியும். கூட்டம் நிறைந்த கேலரி, கம்பும் வலையும், கோடு போட்ட ஜெர்சி, சேறு, விளம்பரப் பலகை எல்லாம் ஒரே சட்டகத்தில் இருந்தால் அதை விடாதீர்கள்.

படத்தின் காலத்தைக் கண்டுபிடிப்பது

இது தேவையற்ற ஆராய்ச்சி என்று தோன்றலாம். ஆனால் உரிமைக் கணக்குக்கு ஆண்டு வேண்டும், பெட்டியில் எழுதும் குறிப்புக்கும் ஆண்டு வேண்டும். அதைவிட முக்கியமாக, எந்தச் சின்ன விவரங்களைத் திருத்தத்தில் தொலைத்துவிடக் கூடாது என்பது அப்போதுதான் தெரியும். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

பிரிண்ட்டின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். பத்திரிகைப் பிரிண்ட் என்றால் தேதி முத்திரையும், ஒட்டிய தாளில் தட்டச்சு செய்த குறிப்பும் இருக்கும். அதையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

பின்பக்கம் வெறுமையாக இருந்தால் ஆடுகளமே பேசும். கோலுக்கு வலை இருக்கிறதா? வலை 1890களின் தொடக்கத்தில்தான் வந்தது. பெனால்டி பெட்டி இன்றைய செவ்வக வடிவத்தில் இருந்தால் 1902க்குப் பிந்தைய படம். அந்தப் பெட்டியின் முகப்பில் வளைவுக் கோடு இருந்தால் 1937 அல்லது அதற்குப் பின். கோல்கீப்பர் தன் அணியினரின் அதே ஜெர்சியில் நின்றால் பெரும்பாலும் 1909க்கு முந்தையது. அந்த ஆண்டுதான் அவருக்குத் தனி நிறம் கட்டாயமானது. முதுகில் எண் இருக்கிறதா என்பது இன்னொரு தடயம். இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் 1928இல் எண்ணைச் சோதித்துப் பார்த்தார்கள், 1939இல்தான் கட்டாயமாக்கினார்கள். 1933இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் எவர்ட்டன் 1 முதல் 11 வரையும், மான்செஸ்டர் சிட்டி 12 முதல் 22 வரையும் அணிந்து ஆடின. எனவே முதுகில் 19 என்ற எண் தெரியும் பழைய படம் கிடைத்தால் மாற்று ஆட்டக்காரர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பந்தில் கயிற்றுத் தையல் தெரிந்தால் நூற்றாண்டின் முற்பாதி என்று ஊகிக்கலாம். கறுப்பு ஐங்கோணமும் வெள்ளை அறுகோணமுமாக 32 துண்டுகள் சேர்ந்த பந்து என்றால் 1970 உலகக் கோப்பையின் டெல்ஸ்டாரோ அந்த வடிவத்தின் வேறு பந்தோ. நடுவரின் உடையும் சொல்லும்: 1930இல் மான்டெவிடியோவில் நடந்த முதல் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை நடத்திய பெல்ஜியத்தின் ஜான் லாங்கெனஸ் கோட்டும் டையும் முழங்கால்வரை வரும் கால்சட்டையும் போட்டிருந்தார். அந்த ஆட்டத்தில் எந்தப் பந்தில் ஆடுவது என்று தகராறு எழுந்து முதல் பாதிக்கு அர்ஜென்டினாவின் பந்தும் இரண்டாம் பாதிக்கு உருகுவேயின் பந்தும் பயன்பட்டன. உருகுவே 4-2 என வென்றது. அந்த ஆட்டத்தின் படத்தை வெட்டினால் பந்து இருக்கும் துண்டுக்கே ஒரு கதை இருக்கும்.

நிறம் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. 1920கள் வரை பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருளுக்கும் தகட்டுக்கும் சிவப்பு தெரியாது. சிவப்பு ஜெர்சி கிட்டத்தட்டக் கறுப்பாகவும் நீல ஜெர்சி வெளிறியும் பதிவாகும். படத்தில் ‘கறுப்பு’ அணியும் ‘வெள்ளை’ அணியும் தெரிந்தால் உண்மையில் அவை சிவப்பும் வெளிர் நீலமுமாக இருந்திருக்கலாம். 1923இல் வெம்ப்லியின் முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில், மைதானத்துக்குள் வழிந்த கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிய காவலர் ஜார்ஜ் ஸ்கோரியின் குதிரை பில்லியை எல்லோரும் வெள்ளைக் குதிரை என்றே சொல்கிறார்கள். அது சாம்பல் நிறக் குதிரை; கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. அன்றைய அதிகாரபூர்வக் கணக்கு 1,26,047 பேர், உண்மையில் வந்தவர்கள் அதைவிட மிக அதிகம்.

பழைய படத்துக்கு நிறம் பூசிப் புதிராக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. மென்பொருள் ஊகிக்கும் நிறம் தவறாகும் வாய்ப்பு மிகுதி. ஒரு முறை நிறம் பூசிவிட்டால் பார்ப்பவர் அதையே உண்மை என்று நம்பிவிடுவார்.

ஸ்கேன் செய்வது

தட்டையான கண்ணாடி ஸ்கேனர் போதும். தாளை உருட்டி உள்ளே இழுக்கும் வகையைப் பழைய பிரிண்ட்டின் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். கண்ணாடியைத் துடைத்து, பிரிண்ட்டின் மேலிருக்கும் தூசியை மென்மையான தூரிகையால் தள்ளிவிட்டு, ஓரத்தைப் பிடித்து வையுங்கள். சுருண்ட பிரிண்ட்டை அழுத்தி நிமிர்த்த முயன்றால் மேற்பூச்சு வெடிக்கும். பழைய செல்லோடேப்பையும் பிய்க்காதீர்கள், அதைக் கணினியில் நீக்கிக்கொள்ளலாம்.

நெகட்டிவ் கையில் இருந்தால் முதலில் அதன் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘சேஃப்டி’ என்றிருந்தால் நல்லது. ‘நைட்ரேட்’ என்றிருந்தால், அல்லது 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய படச்சுருள் எந்த அடையாளமும் இல்லாமல் மஞ்சளித்து ஒட்டிக்கொண்டிருந்தால், அது எளிதில் தீப்பற்றும் நைட்ரோசெல்லுலோஸாக இருக்கலாம். விளக்குச் சூட்டுக்கோ நெருப்புக்கோ அருகில் கொண்டுபோகாமல் காப்பக வல்லுநரிடம் காட்டுங்கள். இதில் துணிச்சல் வேண்டாம்.

கண்ணாடி நெகட்டிவில் மினுமினுப்பான பக்கம் வெறும் கண்ணாடி. மங்கலான பக்கம்தான் படம். அந்தப் பக்கம் ஸ்கேனரில் உரசாதபடி நான்கு ஓரத்திலும் மெல்லிய அட்டைப் பட்டை வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். கண்ணாடியும் கண்ணாடியும் தொட்டால் வானவில் வளையங்கள் தோன்றும்; அதையும் இந்தப் பட்டை தடுக்கும்.

எத்தனை டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி? முதலில் புதிரின் அளவை முடிவு செய்யுங்கள், கணக்கு தானாக வரும். 70 × 50 செ.மீ. புதிருக்கு 300 டிபிஐயில் அச்சிட 8268 × 5906 பிக்சல் வேண்டும். 200 டிபிஐயில் 5512 × 3937 போதும். கறுப்பு வெள்ளைப் பழைய படத்துக்கு 200 பெரிதாகக் குறை வைக்காது. 25 × 20 செ.மீ. பிரிண்ட்டை 60 × 48 செ.மீ. ஆக்குவது 2.4 மடங்கு, 300க்கு 720 டிபிஐ வருகிறது, எனவே 800இல் ஸ்கேன் செய்யலாம். 35 மி.மீ. நெகட்டிவை 4000 டிபிஐயில் எடுத்தால் சுமார் 5670 × 3780 பிக்சல் கிடைக்கும்.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சாம்பல் முறையில் ஸ்கேன் செய்யாமல், நிறத்தில் 16 பிட் டிஃப் கோப்பாக எடுங்கள். நிறக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்கள், அதாவது அடுக்குகள் இருக்கும். மஞ்சள் கறை நீலச் சேனலில் அழுத்தமாகவும் சிவப்புச் சேனலில் மிக மங்கலாகவும் தெரியும். சிவப்புச் சேனலை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளைப் படம் ஆக்கினால் பாதிக் கறை தானாகப் போய்விடும். பத்திரிகை ஆசிரியர் சிவப்புப் பென்சிலால் போட்ட வெட்டுக் கோடுகளும் வெளிர் பகுதிகளில் பெருமளவு மங்கிவிடும்.

பத்திரிகையில் அச்சான படம் மட்டுமே இருந்தால், அது சிறு புள்ளிகளால் ஆனது. அப்படியே ஸ்கேன் செய்தால் அலையலையாகக் கோலம் விழும். ஸ்கேனரில் புள்ளி நீக்கும் வசதியைப் போட்டு உயர்ந்த டிபிஐயில் எடுத்துப் பிறகு சிறிதாக்குங்கள். ஆனாலும் பெரிய புதிருக்கு அது தாங்காது. 200, 300 துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நெகட்டிவிலிருந்து எடுத்தால் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று கட்டாயம் சரிபாருங்கள். விளம்பரப் பலகையின் எழுத்து இருந்தால் எளிது. எழுத்து எதுவும் இல்லையென்றால் கேலரியில் கோட்டு போட்ட ஆண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மார்புப் பாக்கெட் அணிந்தவரின் இடப்பக்கம், அதாவது நம் பார்வைக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும்.

திருத்தம்: எங்கே கை வைப்பது, எங்கே நிறுத்துவது

கீறல், தூசிப் புள்ளி, பூஞ்சைக் கறை ஆகியவற்றை நீக்குங்கள். அதற்கு மேல் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்ய வேண்டும்.

நான் செய்த முதல் புதிரில் ஒரு தவறு நடந்தது. படம் சுத்தமாக வேண்டுமென்று கிரெய்னை, அதாவது படச்சுருளின் துகள் தன்மையைக் குறைக்கும் வசதியை முழுதாக இழுத்துவிட்டேன். திரையில் பளிச்சென்றிருந்தது. வெட்டி அடுக்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது: வானத்துத் துண்டும் மங்கலான புல்லின் துண்டும் ஒரே மாதிரி வழவழப்பாக இருந்தன. கறுப்பு வெள்ளைப் புதிரில் நிறம் உதவாது. ஒரு துண்டு எங்கே சேரும் என்று சொல்வது சாம்பலின் அழுத்தமும் கிரெய்னின் சொரசொரப்பும்தான். அதைத் துடைத்தால் புதிரின் வழித்தடத்தையே துடைத்துவிடுகிறோம்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு பெரிதாக்குவது அதைவிட மோசமானது. கூட்டத்தில் நான்கு பிக்சல் அளவே இருக்கும் முகத்துக்கு அது கண்ணும் மூக்கும் வரைந்துவிடும். அங்கே நின்றவர் ஒருவர், நாம் அச்சிடுவது வேறொருவர். ஜிக்சாவில் அந்த முகங்களைத்தான் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்க்கப்போகிறோம் என்பதால் எனக்கு இதில் சமரசம் இல்லை.

சில விஷயங்கள் பிழை போலத் தோன்றும், பிழையல்ல. பாயும் பந்து முட்டை வடிவில் இருந்தால் அது பழைய கேமராவின் ஷட்டர் செய்த வேலை; நெகட்டிவுக்கு முன்னால் ஒரு இடுக்கு நகர்ந்துகொண்டே ஒளியை விடும், அதற்குள் பந்தும் நகர்ந்துவிடும். அதை வட்டமாக்க வேண்டாம். வீரரைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் பத்திரிகை அலுவலகத்தில் தூரிகையால் தீட்டியது. பந்து சட்டகத்துக்குள் இல்லாத படத்தில் பந்தையே தீட்டிச் சேர்ப்பதும் அன்று உண்டு. நான் இவற்றை அப்படியே விடுவேன். அந்தத் தூரிகைத் தடம் விழும் துண்டைக் கண்டுபிடிப்பது தனி மகிழ்ச்சி.

அச்சில் படம் எப்போதும் திரையைவிடச் சற்று இருண்டு வரும். நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். கறுப்பாகத் தெரியும் ஜெர்சியில் மடிப்புகள் புலப்பட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீரரின் உடம்பே பத்துக் கறுப்புத் துண்டாகிவிடும். கூர்மை கூட்டுவதை அளவு மாற்றிய பிறகு, கடைசியாகச் செய்யுங்கள்.

வெட்டும் சட்டகம் பற்றி. தயார் நிலையில் கிடைக்கும் புதிர் அளவு பெரும்பாலும் 70 × 50, அதாவது 1.4 விகிதம். 10 × 8 அங்குலப் பிரிண்ட் 1.25, 35 மி.மீ. நெகட்டிவ் 1.5. எனவே ஏதாவது ஓரத்தில் வெட்டு விழும். 1911இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையை வென்ற கொல்கத்தாவின் மோகன் பகான் அணியில் 11 பேரில் 10 பேர் வெறுங்காலுடன் இறுதிப் போட்டி ஆடினார்கள். அப்படி ஓர் அணியின் படத்தில் ‘கீழே கொஞ்சம் வெட்டினால் என்ன’ என்று வெட்டினால் போவது எது என்று யோசித்துப் பாருங்கள். வெட்டுவதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் வெள்ளை விளிம்பு விடலாம். இன்னும் நல்லது, பழைய பிரிண்ட்டின் விளிம்பையே, மடிந்த மூலையோடும் கையெழுத்தோடும், சேர்த்து அச்சிடலாம்.

எத்தனை துண்டு?

வழக்கமாக ஒரு துண்டு 2 செ.மீ. அளவில் இருக்கும். 60 × 48 செ.மீ. படத்தை 30 × 24 ஆகப் பிரித்தால் 720 துண்டு. 1000 துண்டு என்று விற்பனையாகும் பல புதிர்கள் உண்மையில் 38 × 27 ஆக வெட்டப்பட்டு 1026 துண்டு கொண்டவை.

எண்ணிக்கையை ஆசைக்கு முடிவு செய்யாமல் சோதித்து முடிவு செய்யுங்கள். கணினியில் படத்தின் மேல் அதே அளவுக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் பாருங்கள். அதில் ஒரு கோடோ, ஒரு விளிம்போ, ஒரு முகமோ, வெளிச்சம் மாறும் இடமோ இருக்கிறதா? எதுவுமே இல்லாத கட்டங்களை எண்ணுங்கள். என் அனுபவத்தில் அவை கால் பங்கைத் தாண்டினால் அடுக்குபவர் பாதியில் எழுந்துபோய்விடுவார். துண்டைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைப்பதே வழி. முன்னால் நிற்கும் வீரரின் முகம் மூன்று நான்கு துண்டுகளில் பிரிவது மிக நன்றாக இருக்கும். கூட்டத்தில் உள்ளவர்கள் ஒரு துண்டுக்கு ஒன்றிரண்டு பேராக விழுந்தால் போதும்.

அச்சு, ஒட்டல், வெட்டல்

அச்சகத்திலோ இணையச் சேவையிலோ கொடுத்து அட்டைப் புதிராகச் செய்வது எளிய வழி. நான்கு பக்கமும் 3 முதல் 5 மி.மீ. வரை வெட்டுக்குப் போகும் என்று கணக்கு வையுங்கள். முன்தோற்றத்தில் மூலைகளைப் பாருங்கள். பளபளப்பில்லாத மேற்பூச்சைக் கேளுங்கள். கறுப்பு மிகுந்த படத்தில் பளபளப்பான மேற்பரப்பு விளக்கை மட்டுமே காட்டும். நான்கு நிற மையில் கறுப்பு வெள்ளையை அச்சிடும்போது பச்சையோ ஊதாவோ படிய வாய்ப்புண்டு, எனவே முடிந்தால் சிறிய மாதிரி ஒன்றை முதலில் வாங்கிப் பாருங்கள்.

கையால் செய்வது மெதுவான வேலை, ஆனால் ஜிக்சாவின் பிறப்பே அப்படித்தான். 1760களில் லண்டனில் வரைபடம் செதுக்கிய ஜான் ஸ்பில்ஸ்பரி உலக வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே ரம்பத்தால் அறுத்து, பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்க விற்றார்.

பிக்மென்ட் மையில், மேட் தாளில் அச்சிட்டு ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். இரண்டாவது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். பலகைக்கு 4 அல்லது 5 மி.மீ. தடிமனுள்ள, உள்ளே ஓட்டை இல்லாத நல்ல ப்ளைவுட். மேற்பரப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் தூசியை முற்றிலும் துடையுங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் படத்தில் மேடாகத் தெரியும். வெள்ளை மரப்பசையை ரோலரால் மெல்லியதாகப் பரப்பி, படத்தை ஒரு விளிம்பிலிருந்து தொடங்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவிக்கொண்டே ஒட்டுங்கள். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் உலரும்போது தாள் இழுத்துப் பலகை வளைந்துவிடும். மேலே மெழுகுத்தாள் போட்டு, தட்டையான பலகை வைத்து, கனமான புத்தகங்களை அடுக்கி 24 மணி நேரம் விடுங்கள்.

வெட்டுவதற்கு மேசை மேல் நிற்கும் ஸ்க்ரோல் ரம்பம். அலகு மிக மெல்லியதாக, 2/0 அளவில் இருக்கட்டும். படம் மேல்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அலகு மேசைக்குச் சரியான செங்குத்தில் இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். உதவாத பலகையில் ஒரு துண்டை வெட்டி, மேலேயும் கீழேயும் தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கி வந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் அலகு சாய்ந்திருக்கிறது.

படத்தை முதலில் நீண்ட பட்டைகளாக வெட்டி, பிறகு பட்டையைத் துண்டாக்குங்கள். துண்டின் விளிம்பில் துருத்தி நிற்கும் குமிழின் கழுத்து குமிழைவிடக் குறுகலாக இருந்தால்தான் துண்டுகள் கோத்துக்கொள்ளும்; மிகக் குறுகினால் உடையும். கையால் வெட்டும்போது இயந்திர அச்சு தராத ஒரு சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது: கோடு எங்கே போக வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம். முகத்தின் நடுவே ஓட்டாதீர்கள். பந்தை முழுவட்டமாக ஒரே துண்டாக வெட்டலாம். கூட்டத்துக்குள் விசில் வடிவத்தில் ஒரு துண்டு, காலணி வடிவத்தில் ஒன்று என்று ஒளித்து வைக்கலாம். ஜெர்சியின் விளிம்பு வழியே வெட்டினால் கடினம் கூடும், ஏனென்றால் பக்கத்துத் துண்டில் அந்த ஜெர்சியின் தடயமே இருக்காது. இந்தத் தந்திரத்தை இரண்டு மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூசிக்கு முகமூடியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். வெட்டிய துண்டுகளை ஒரு தட்டில் அதே வரிசையில் அடுக்கி வாருங்கள். எண்ணிக்கை சரியென்று தெரியும் வரை கலைக்காதீர்கள். பின்பக்கப் பிசிறை மெல்லிய உப்புத்தாளால் நீக்குங்கள். லேசரிலும் வெட்டலாம், ஆனால் விளிம்பு கருகும். வெளிர் வானத்தில் அந்தக் கறுப்புக் கோடு வலை போலத் தெரியும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

பெட்டிக்குள் என்ன வைப்பது

மூடியில் முழுப்படமும் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். பழைய மரப் புதிர்கள் பல படமே இல்லாமல் வந்தன. நான் ஒரு மூலையை மட்டும் அச்சிட்டு, முழுப்படத்தை மூடிய உறையில் வைப்பேன். அதே உறையில் ஒரு கோட்டு வரைபடமும் இருக்கும்: வீரர்களின் வெளிக்கோடு மட்டும் வரைந்து, ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, பெயர் தெரிந்தவர்களின் பெயரைக் கீழே எழுதுவேன். அணிகள், மைதானம், தேதி, எடுத்தவர் அல்லது நிறுவனம், படம் கிடைத்த காப்பகம் எல்லாம் அந்தத் தாளில் வரும். வீட்டுப் படமாக இருந்தால் இந்தத் தாளை எழுதப் பெரியவர்களிடம் உட்கார வேண்டியிருக்கும். புதிரைவிட அந்தத் தாள் மதிப்பாகிவிடுவதும் நடக்கும்.

அடுக்கும்போது

பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் மேசை சிறந்தது. விளிம்புத் துண்டுகளைச் சேர்த்த பிறகு வழக்கமாக நிறத்தால் பிரிப்போம். இங்கே அழுத்தத்தால் பிரிக்க வேண்டும். கறுப்பு, நடுச்சாம்பல், வெளிர் என்று மூன்று தட்டு. அதற்குள் கூர்மையானவை, மங்கலானவை என்று இன்னொரு பிரிவு. இந்த இரண்டாவது பிரிவுதான் கூட்டத்தில் உதவும். முன்வரிசை முகங்கள் கூர்மையாகவும் பின்வரிசை குழம்பியும் இருக்கும்.

முதலில் நேர்கோடுகளைப் பிடியுங்கள்: கோல்கம்பு, குறுக்குக் கம்பு, டச்லைன் என்னும் பக்கக் கோடு, கேலரிக் கூரை. இவை படத்தின் எலும்பு. அடுத்து வலை, பிறகு கோடு போட்ட ஜெர்சி. சேறு படிந்த கால்சட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள், அது தரையோடு குழப்பும். கூட்டத்தைத் தொப்பி வாரியாக அடுக்குங்கள். தட்டைத் தொப்பிகள் ஒரு பக்கம், விளிம்பு வைத்த தொப்பிகள் இன்னொரு பக்கம் என்று பல மைதானங்களில் பிரிந்தே தெரியும். நின்று பார்க்கும் மலிவான இடமும் உட்காரும் இடமும் அப்படித்தான் அடையாளம் காட்டும். புல்லைக் கடைசிக்கு விடுங்கள். அங்கே படம் உதவாது. இரண்டு குமிழ் இரண்டு குழி, மூன்று குமிழ் ஒரு குழி என்று வடிவத்தால் பிரித்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பதுதான்.

சிக்கிக்கொண்டால் கைபேசிக் கேமராவில் காண்ட்ராஸ்ட்டைக் கூட்டித் துண்டுகளைப் பாருங்கள். ஒன்று போலத் தெரிந்த இரண்டு சாம்பல்கள் பிரிந்துவிடும்.

ஒரு துண்டு தொலைந்தால்தான் அந்த இரண்டாவது பிரதி. காலியிடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து வடிவத்தை எடுங்கள். மிச்சமிருக்கும் அதே ப்ளைவுட்டில் இரண்டாம் பிரதியின் அந்தப் பகுதியை ஒட்டி, அந்த வடிவத்தில் வெட்டுங்கள். இதற்காகவே ஒவ்வொரு புதிரின் பெட்டியடியிலும் கையளவு பலகையையும் சுருட்டிய இரண்டாம் பிரதியையும் வைத்திருக்கிறேன். முடித்த புதிரைப் பசை பூசிச் சட்டம் போடும்படி பலர் கேட்பார்கள். நான் போடுவதில்லை. இரண்டு நாள் மேசையில் விட்டுவிட்டு, கலைத்துப் பெட்டியில் போட்டு, அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவேன். தொப்பியைக் கையில் பிடித்திருப்பவரை அவர் இன்னும் பார்க்கவில்லை.